கற்பிக்கச் சென்றவன் பட்ட கடன்



அயல்நாடு சென்று அறமுரைத்து மீளும் ஒருவரை மாலையிட்டு வரவேற்பது நம் வழக்கம். அவர் மேடையேறி, "அங்குக் கற்பித்ததனால் யான் பெரிதும் வளர்ச்சியடைந்தேன்" என்பார். அவையோர் கைதட்டுவர். ஆனால் அச்சொல்லினுள் ஒரு வினா ஒளிந்து கிடக்கின்றது. கற்பித்தவர் வளர்ந்தார், நன்று. கற்றவர் என்ன பெற்றார்? பிறர் நலங் கருதிப் புறப்பட்டவர் தம் வளர்ச்சியைக் கணக்கிட்டுக்கொண்டு திரும்புவது அறமாகுமா? அன்றி அதுவும் ஒருவகை வாணிகந்தானா?

இவ்வினா நமக்கு நூல்களிற் கிடைத்ததன்று. கொல்கத்தா நகரை அடுத்த ஹூக்ளி ஆற்றங்கரையில், சணல் ஆலைத் தொழிலாளர் சிலர் முன்னிலையில் நாம் வாயடைத்து நின்ற ஒரு மாலைப் பொழுதிற் பிறந்தது. அச்செய்தியைக் கூறுமுன், இதுபற்றிப் பகவன் புத்தர் அருளிய நெறி யாதெனக் காண்போம்.

பகவன் தம் முதல் அறுபது பிக்குகளைத் திசைதோறும் அனுப்பியபோது, பலரின் நன்மைக்காகவும் பலரின் இன்பத்திற்காகவும் செல்லுமாறும், ஒரே வழியில் இருவர் செல்லாதிருக்குமாறும் பணித்தார் என வினய பிடகம் கூறும். அவ்வறுபதின்மரும் அருகர்கள். பெறவேண்டியதைப் பெற்று முடித்தவர்கள். அவர்கள் பயணத்தில் தன் வளர்ச்சி என்னும் பேச்சுக்கே இடமில்லை. ஆயின் நம்போன்றோர் நிலை வேறு. நாம் அரைகுறையாக அறிந்துகொண்டே பிறர்க்கு உரைக்கின்றோம். நமக்கு வேறு சான்று வேண்டும்.

அச்சான்று புண்ணர் என்னும் பிக்குவின் வரலாற்றில் உள்ளது. அவர் சுனாபரந்தம் என்னும் நாட்டுக்குச் செல்ல விடைபெற வந்தார். அந்நாட்டார் முரடர், அவர்கள் உன்னை ஏசினால் என் செய்வாய் என வினவினார் பகவன். கையால் அடியாமல் விட்டனரே, நல்லவர் என்று கொள்வேன் என்றார் புண்ணர். கையால் அடித்தால்? கல்லால் எறியாமல் விட்டனரே என்று கொள்வேன் என்றார். இவ்வாறே தடி, கத்தி என வினா ஏறிக்கொண்டே போய், உயிரைப் பறித்தால் என்பது வரையிற் சென்றது. அதற்கும் அவர் கலங்கவில்லை. பகவன் இசைவளித்தார். அந்த ஒரு மழைக்காலத்துள் ஐந்நூறு உபாசகரும் ஐந்நூறு உபாசிகையரும் அந்நாட்டில் நெறிப்பட்டனர். புண்ணர் தாமும் மூவகை ஞானங்களை எய்தினார் என அச்சூத்திரம் முடிகின்றது.

இதில் நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. உனக்கு எத்துணை நூல் தெரியும் எனப் பகவன் கேட்கவில்லை. உன்னால் எத்துணைப் பொறுக்கமுடியும் என்றே கேட்டார். கற்பிக்கச் செல்பவன் கையிற் கொண்டுசெல்ல வேண்டிய முதற்பொருள் பொறையே என்பது இதனாற் பெறப்படும்.

மேலும், அங்குத்தர நிகாயம் விடுதலைக்குரிய வாயில்கள் ஐந்து எனக் கூறுகின்றது. தம்மத்தைக் கேட்டல், பிறர்க்கு விரித்துரைத்தல், ஓதுதல், சிந்தித்தல், தியானப் பொருளை நன்கு பற்றுதல் என்பன அவை. இவற்றுள் பிறர்க்கு உரைத்தலும் ஒரு வாயிலாக வைக்கப்பட்டிருப்பது வியப்பன்றோ? ஆகவே உரைப்பவன் உரைக்கும் பொழுதே வளர்தல் இயல்பு, அது குற்றமன்று.

கேமகர் என்னும் பிக்குவின் செய்தி இதனை இன்னும் தெளிவாக்கும். நோயுற்றிருந்த அவரிடம், மூத்த பிக்குகள் ஒருவர் வாயிலாகக் கேள்விமேற் கேள்வி விடுத்தனர். இறுதியில் அவரே தடியூன்றி அவர்களிடஞ் சென்று விடையிறுத்தார். உடல், உணர்வு முதலிய ஐந்தினுள் எதையும் நான் என்று கருதுவதில்லை. ஆயினும் 'நான்' என்னும் எண்ணத்தின் எச்சம் என்னை விட்டு நீங்கவில்லை என்று ஒளியாது உரைத்தார். உவர்மண் இட்டு வெளுத்த துணி தூயதாயினும், அவ்வுவரின் மணம் துணியில் எஞ்சி நிற்பதுபோல என்று உவமையுங் காட்டினார். அவ்வுரை முடிகையில் கேட்டிருந்த அறுபது பிக்குகளின் உள்ளம் விடுதலை பெற்றது. உரைத்த கேமகரின் உள்ளமும் விடுதலை பெற்றது.

நாம் பதினெட்டு ஆண்டு பஞ்சாலைத் தறிக்கூடத்தில் நின்றவர். பாவுநூலுக்கு இடும் கஞ்சியின் வாடை புதுத்துணியை விட்டு எளிதில் நீங்காது என்பதை மூக்கால் அறிந்தவர். ஆதலின் இவ்வுவமை நமக்கு நன்கு விளங்கும். கேமகர் தம் நிறைவைச் சொல்லி வளர்ந்தாரல்லர். தம் குறையைச் சொல்லியே வளர்ந்தார். கற்பித்தலால் வரும் வளர்ச்சிக்கு இதுவே அடையாளம்.

இனி, நாம் சென்ற ஊரைப் பற்றிச் சிறிது கூறுவோம். அயலூரிலிருந்து வந்த அறவோர் பலரை ஏற்றுக்கொண்ட நகரம் கொல்கத்தா. சிட்டகாங்கிலிருந்து வந்த கிருபாசரண மகாதேரர் 1892இல் பௌத்த தர்மாங்குர சபையை அங்கு நிறுவினார். கொழும்பிற் பிறந்த அநகாரிக தர்மபாலர் 1891இல் தொடங்கிய மகாபோதி சங்கம் மறு ஆண்டே அங்கு வேரூன்றியது. காலேஜ் சதுக்கத்தின் அருகே அச்சங்கத்தின் தர்மராஜிக விகாரை 1920இல் திறக்கப்பெற்றது. அன்றைய சென்னை மாகாணத்துப் பட்டிப்புரோலுத் தூபியில் அகழ்ந்தெடுத்த திருவெச்சம் அவ்விகாரையில் வைக்கப்பட்டது என்பது தென்னாட்டுப் பௌத்தராகிய நமக்கு மகிழ்ச்சி தருவது.

அவ்வங்கநாடு தன் மக்களை அயல்நாட்டுக்கு அனுப்பியும் உள்ளது. அதீச தீபங்கரர் முதலிற் சுமத்திரைத் தீவுக்குக் கடல் கடந்து சென்றது மாணவராக. முதுமையிற் பனிமலை கடந்து 1042இல் திபேத்து அடைந்தது ஆசிரியராக. அங்கு மேற்குத் திபேத்து அரசர் அவரிடம் ஆழ்ந்த மறைபொருள்களைக் கேட்கவில்லை. தம் மக்கள் அனைவர்க்கும் பயன்படும் எளிய நெறியையே கேட்டார். அக்கேள்வியை அதீசர் பெரிதும் பாராட்டினார் என்பர். அதற்கு விடையாக எழுந்ததே போதிபதப் பிரதீபம் என்னும் சிறுநூல். பேரறிஞர் பலர் சூழ்ந்த விக்கிரமசீலையில் அவர் எழுதாத நூலை, அறியாதவர் கேட்ட கேள்வி எழுதுவித்தது. அவர் தாய்நாடு திரும்பவில்லை. 1054இல் அங்கேயே மறைந்தார்.

எனினும் நம் உள்ளத்துக்கு மிக அணுக்கமானவர் தர்மானந்த கோசாம்பி அவர்களே. என்னை? அவர் பள்ளிப்படிப்புச் சிறிதே உடையவர். தாமே முயன்று கற்றவர். போர்ச்சுக்கீசியர் ஆட்சியிலிருந்த கோவாவில் 1876இற் பிறந்த அவர், சிறுவர்க்கான மராத்தி இதழொன்றிற் பகவனின் வரலாற்றைப் படித்து உள்ளம் உருகினார். 1899இல் வீட்டைவிட்டு வெளியேறினார். காசியில் அன்னசத்திரங்களில் உண்டு வடமொழி பயின்றார். நேபாளம் சென்றார், புத்தகயை கண்டார், இலங்கை அடைந்து வித்யோதயப் பிரிவேனாவிற் சுமங்கல தேரரிடம் பாலி கற்றார். பர்மாவுக்கும் சென்றார். சென்னையிலும் சிலகாலம் தங்கிப் பேராசிரியர் லட்சுமி நரசு முதலிய நம் முன்னோருடன் பழகினார்.

இத்துணை நாடுகளில் மாணவராய் அலைந்த அவர், 1906இற் கொல்கத்தாவில் ஆசிரியரானார். முதலிற் தேசியக் கல்லூரியிலும், பின்னர்ப் பல்கலைக்கழகத்திலும் பாலி கற்பித்தார். சத்திரத்துச் சோறு உண்டவர்க்குப் பல்கலைக்கழகப் பதவி கிடைத்தது. வளர்ச்சி என்று உலகம் கூறுவது இதுவே. ஆனால் அவர் அங்கு நிலைத்திருக்கவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்கள் மாதம் 50 ரூபாய் உதவித்தொகை தர முன்வந்தார். மகாராட்டிரத்தில் தங்கி நூல் எழுதவேண்டும் என்பதே நிபந்தனை. தம் மராத்தி மக்களுக்குத் தம்மத்தை எடுத்துரைக்கவேண்டும் என்னும் வேட்கையால், அதனினும் மிகுந்த கொல்கத்தாச் சம்பளத்தை விட்டு அவ்வைம்பது ரூபாயை ஏற்றார் கோசாம்பி.

பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. வாரன் என்னும் அறிஞர் தொடங்கி முடிக்காது மறைந்த விசுத்திமக்கப் பதிப்பைச் செப்பனிடும் பணி அது. 1910 முதலாக நான்கு முறை அவர் அங்குச் சென்றார். 1929இல் ரஷ்யாவின் லெனின்கிராடு நகருக்கும் சென்றார். அயல்நாட்டிற் பாலி கற்பித்தவர், அங்கே சமதருமக் கொள்கையை ஆர்வத்துடன் கற்றார். கற்றதை என் செய்தார்? பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பரேல் பகுதியில் 1937இற் பகுஜன விகாரை என்னும் இல்லத்தை அமைத்து, உழைப்பாளிகளிடையே வந்து அமர்ந்தார். ஹார்வர்டின் அவ்விசுத்திமக்கப் பதிப்பு நூலாக வெளிவந்தது 1950இல். அவரோ 1947இலேயே மறைந்துவிட்டார். தாம் பலகாலம் உழைத்த அந்நூலை அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

இவ்வாழ்க்கையில் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. இலங்கையிற் பெற்றதைக் கொல்கத்தாவிற் கொடுத்தார். கொல்கத்தாவிற் பெற்ற பெயரை விட்டார். அமெரிக்காவிற் பெற்றதைப் பரேல் தொழிலாளரிடம் கொண்டுவந்தார். ஓரிடத்திற் பெற்ற வளர்ச்சியை அவர் சொத்தாக்கவில்லை. கடனாகக் கருதி மற்றோரிடத்திற் செலுத்தினார்.

இனி நம் செய்திக்கு வருவோம். கோசாம்பி எங்கே, நாம் எங்கே! ஆயினும் சிறியோர்க்கும் சிறிய கடன்கள் உண்டு.

சில ஆண்டுகட்கு முன், கொல்கத்தாவில் வாழும் தமிழ் அன்பர் சிலரின் அழைப்பிற்கிணங்கி மூன்று வாரம் அங்குத் தங்கினோம். அயல்நாடு என்பது கடலுக்கு அப்பால் உள்ளது மட்டுமன்று. நம் மொழி செல்லாத இடமெல்லாம் கற்பிப்பவனுக்கு அயல்நாடே. நாமும் ஆலைத்தொழிலாளியாய் இருந்தவர் என்பதறிந்து, அவ்வன்பர்கள் ஒரு நாள் ஆற்றங்கரைச் சணல் ஆலைக் குடியிருப்புக்கு நம்மை அழைத்துச் சென்றனர். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் நம் உரையை இந்தியில் எடுத்துரைத்தார்.

நாம் நான்கு உண்மைகளைப் பற்றி நெடுநேரம் பேசினோம். எதுகையும் மோனையும் அடுக்கி, இங்கே மேடைகளிற் கைதட்டல் பெற்ற சொற்களையெல்லாம் அங்கும் பெய்தோம். நாம் கால்மணி நேரம் பேசியதை அவ்விளைஞர் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். முதலில் அவர்மீது சினம் வந்தது. பின்னரே புரிந்தது, நம் உரையில் மொழிபெயர்க்கத்தக்க பொருள் அவ்வளவே இருந்தது.

உரை முடிந்தபின் நடுவயதினர் ஒருவர் எழுந்தார். "ஐயா, ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்கின்றீர்கள். எங்கள் ஆலை நின்று மூன்று மாதம் ஆகின்றது. என் பிள்ளைகள் இரவிற் சோறு கேட்டு அழுகின்றனர். அவர்கள் எதன்மீது ஆசைப்பட்டார்கள்?" என்றார்.

நம்மிடம் விடை ஆயத்தமாக இருந்தது. பேராசைக்கும் தேவைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தியிருக்கலாம். ஆனால் நாவெழவில்லை. நம் ஆலையும் ஒருகால் மாதக்கணக்கில் நின்றதுண்டு. அண்டாவும் குண்டானும் ஒன்றன்பின் ஒன்றாக அடகுக்கடைக்குப் போயின. அந்நாளில் ஒருவர் நமக்கு ஆசையை விடுமாறு உபதேசம் செய்தார். நாம் சினந்து எழுந்து வந்துவிட்டோம். இப்போது அந்த உபதேசியார் இடத்தில் நாம் நிற்கின்றோம். அன்று சினந்த நம் இடத்தில் இவர் நிற்கின்றார். இது நினைவிற்கு வந்ததும் உடல் நடுங்கிற்று.

"விடை தெரியவில்லை, ஐயா. பசி ஆசையன்று, பசி பிணி. அதனை மறந்து பேசிவிட்டோம்" என்று மட்டும் கூறி, நம் ஆலை நின்ற நாட்களின் கதையைச் சொன்னோம். அதனை அவ்விளைஞர் ஒரு சொல்லும் குறைக்காமல் எடுத்துரைத்தார்.

அன்றிரவு ஆளவி நகரத்து ஏழை உழவனின் கதை நினைவில் எழுந்தது. அவனொருவனுக்கு அறமுரைக்கும் பொருட்டுப் பகவன் முப்பது யோசனை தூரம் நடந்து சென்றார். அவனோ காணாமற்போன எருதைத் தேடி அலைந்து, பசியோடு காலந்தாழ்த்து வந்தான். பகவன் அவனுக்காகக் காத்திருந்தார். முதலில் அவனுக்குச் சோறிடச் செய்து, பின்னரே தம்மம் உரைத்தார். இக்கதையை நாம் இருபது முறையேனும் மேடையிற் சொல்லியிருப்போம். ஆயினும் அச்சோற்றை ஒரு முறையும் கண்டோமில்லை. பகவனின் கருணையைப் புகழ்வதற்கு ஒரு சான்றாகவே எடுத்தாண்டோம்.

தமிழ் அன்பர்களிடம் இதனைக் கூறினோம். அவர்கள் அரிசியும் பருப்பும் திரட்டினர். அடுத்து இரு மாலைகளில் அக்குடியிருப்பில் அனைவரும் கூடிக் கிச்சுரி சமைத்து உண்டோம். அதன்பின் பேசியது சிறிதே. இரண்டு வேளைச் சோறு பெரிய தொண்டன்று என்பதை அறிவோம். நாம் புறப்படும் நாள்வரையில் அவ்வாலை திறக்கப்படவில்லை.

ஊர் திரும்பியபின் இந்நிகழ்ச்சியைப் பல கூட்டங்களிற் சொன்னோம். கேட்டோர் நம் பணிவைப் பாராட்டினர். நம் வளர்ச்சியை நாமும் மெச்சிக்கொண்டோம். ஒரு நாள் இல்லத்தில் நம் துணைவியார், "அந்த மனிதருக்கு வேலை கிடைத்ததா?" என்று வினவினார். நாம் விழித்தோம். அவர் பெயரைக்கூட நாம் கேட்டறியவில்லை. அவர் பட்டினியிலிருந்து நாம் ஒரு நல்ல கதையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்! உடனே அவ்விளைஞருக்குக் கடிதம் எழுதினோம். அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். எங்கென்று தெரியாது என்று விடை வந்தது.

அன்பர்காள்! தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். கற்பிப்பவன் வளர்வது குற்றமன்று. பகவனே அதனை ஒரு வாயிலாக வைத்தார். ஆனால் அவ்வளர்ச்சி அவன் ஈட்டிய பொருளன்று. கேட்பவன் தன் துன்பத்தைத் திறந்து காட்டினாலன்றி உரைப்பவன் வளரமாட்டான். ஆதலின் அது கேட்பவனிடம் வாங்கிய கடன். கடனைக் கடன் என்று எண்ணுபவன் அறவோன். அதனைத் தன் சொத்தென்று மேடையிற் காட்டுபவன் வாணிகனிலும் தாழ்ந்தவன். வாணிகனாவது விலை கொடுக்கின்றான்.

சிலர் வினவக்கூடும்: அங்ஙனமாயின் முற்றும் வளர்ந்தபின்னரே கற்பிக்கச் செல்வது நன்றன்றோ? நன்றே, ஆயின் அதுவரையிற் காத்திருந்தால் கற்பிக்க ஒருவரும் இரார். குறையுடையோர் செல்லலாம், குறையை மறைத்துச் செல்லலாகாது. வேறு சிலர், கடன் கொடுத்தவரையே காணமுடியாதபோது அதனைத் தீர்ப்பது எங்ஙனம் என்பர். நமக்கும் இதுவே துன்பம். கோசாம்பி அவர்களின் வாழ்க்கையே இதற்கு வழிகாட்டும். சுமங்கல தேரர்க்குப் பட்ட கடனை அவர் கொல்கத்தா மாணவரிடம் தீர்த்தார். அயல்நாட்டிற் பட்ட கடனைப் பரேலில் தீர்த்தார். இம்மையில் அறக்கடன் தீர்வது அடுத்து வரும் மனிதனிடமே.

இன்று நம் சமூகத்துப் பிள்ளைகள் ஆசிரியராகவும் செவிலியராகவும் பொறியாளராகவும் பல நாடுகளுக்குச் செல்கின்றனர். நம் பாட்டன்மார் எழுத்தறிய இடந்தராத ஊர்களிலிருந்து புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு நாம் கூறுவது சிறிதே. உங்கள்முன் அமர்ந்திருப்பவன் உண்டானா என்பதை முதலிற் கேளுங்கள். அவன் பெயரைக் கேளுங்கள். அவன் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிடின், தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஊர் திரும்பியபின், நான் வளர்ந்தேன் என்று கூறுமுன், நான் யாருக்குக் கடன்பட்டேன் என்று எண்ணிப் பாருங்கள்.

நமக்கோ இன்னும் வெளுக்கவேண்டியது மிகுதி. எழுத்தில் 'நாம்' என்று எழுதுவதனால் உள்ளத்து 'நான்' ஒழிந்துவிடுவதில்லை; கஞ்சி வாடை போல அது ஒட்டிக்கொண்டே இருக்கின்றது. பெயரறியா அச்சணல் தொழிலாளிக்கு நாம் பட்ட கடனை, இங்கே வேலையிழந்து நம் வாயிலுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சிறிது சிறிதாகச் செலுத்தி வருகின்றோம். முதலிற் சோறு, பின்னரே சொல். அவர் எவ்வூரில் இருப்பினும் அவர் பிள்ளைகள் பசியாற உண்டு உறங்குவாராக!

தம்மம் தழைக்க! அனைத்துயிரும் நலம் பெறுக!